கோபர்கைரனே வரை போகாத வயர்

மத்தியானப் பாட்டு நிகழ்ச்சியை இத்தனை வருஷம் எப்படி ஓட்டினீர்கள் என்று புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டீர்கள். கேமரா, லைட், மைக் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காமல் விட்டதற்கே உங்களுக்குப் புண்ணியம் உண்டு. நான் இருந்த வரைக்கும் நம் ஸ்டூடியோவில் கேமரா ஒரே இடத்தில்தான் நின்றது. அசைத்தால் அதன் ஒரு கால் கழன்றுகொள்ளும் என்பதால் யாரும் அசைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் போன்தான். எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு பெண் பேசுவாள். அவளிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்பதுதான் நான் பார்த்த வேலை.

நம் சேனல் தாராவியில் நம் கேபிள் போகிற வீடுகளில் மட்டும் தெரியும். பெரிய சேனல்களுக்கு நடுவே ஓரமாக ஒரு எண்ணில் உட்கார்ந்திருக்கும். மத்தியானம் ஆண்கள் பட்டறைக்கும் கடைக்கும் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். சமையல் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுத்த வேலை கூப்பிடுவதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் நிகழ்ச்சி. பெண்கள் போன் செய்து பாட்டு கேட்பார்கள், யாருக்காக என்று சொல்வார்கள், நான் கம்ப்யூட்டரில் தட்டிப் போடுவேன். சென்னையில் பெரிய சேனல்கள் செய்ததைத்தான் நாங்கள் சின்னதாகச் செய்தோம். ஒரே வித்தியாசம், எங்களிடம் பேசுகிறவர்களும் அதைக் கேட்கிறவர்களும் ஒரே சந்துக்காரர்கள்.

அது சின்ன வித்தியாசம் இல்லை. நேரலையில் யார் போன் செய்தாலும் முதலில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வோம். நம் ஆட்களும் குறைப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டு டிவியை யார் குறைப்பது? மேல்வீட்டு டிவியை? நடுவில் இருப்பது ஒரு தகரமோ பலகையோதான். நான் பேசுவது அவர்கள் போன் வழியாக எனக்கே திரும்பி வரும். சந்தில் நடந்து போகிறவருக்கு அந்தப் பெண்ணின் குரல் அவள் ஜன்னல் வழியாக ஒரு தடவையும் எதிர்வீட்டு டிவி வழியாக ஒரு தடவையும் கேட்கும். அதனால் பெண்கள் பேரை மாற்றிச் சொல்வார்கள். ராணி என்பார்கள், பிரியா என்பார்கள், ஒருத்தி வாரத்துக்கு ஒரு பேர் வைத்துக்கொள்வாள். அது யார் என்று குரலை வைத்தே சந்து முழுக்கத் தெரியும். ஆனாலும் பிரியா என்று சொன்னால் அவள் பிரியாதான். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் யாரும் அவளிடம், "நேத்து நீதானட்டி பேசுன?" என்று கேட்க மாட்டார்கள். யாரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. அப்படி ஒரு பழக்கம்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள் என்னைவிட வயதில் சின்னவள். கல்யாணமாகித் தாணேக்குப் போகும்போது என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, "பேரு கேளுங்க, ஏரியா கேளுங்க, பாட்டு கேளுங்க. நாலாவது கேள்வி கேட்டுடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. செம்பூரில் நாங்கள் இருந்த பில்டிங்கில் எனக்கு ரேடியோ என்று பட்டப்பேர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. நாலாவது கேள்வியை விழுங்குவது எனக்குக் கசாயம் குடிப்பதைப் போலத்தான் இருந்தது.

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கியது ஒரு தாலாட்டுப் பாட்டில். ஒருத்தி போன் செய்து ஒரு தாலாட்டு கேட்டாள். யாருக்காக என்று அவள் சொல்லவில்லை. பாட்டைத் தட்டினேன். பாட்டு தொடங்கியதும் போனை வைத்துவிடுவதுதான் வழக்கம், அடுத்தவர் காத்திருப்பார். அன்று வைக்கப் போகும்போது அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அது வெளியே போகவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது. என்னம்மா ஆச்சு என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தேன். பாட்டு முடிகிற சமயத்தில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிக்கா, உல வைக்கணும், போன வைக்கேன்" என்றாள். அடுத்த வாரம் அதே குரல், வேறு பேர், ஒரு கேலிப் பாட்டு கேட்டது. அந்தத் தாலாட்டு யாருக்கு என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதால் என் தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

சினிமாப் பாட்டும் சீரியலும் பொம்பளைகளைக் கெடுக்கிறது என்று சொல்கிற ஆண்கள் நம் ஆபீஸுக்கே வந்து சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு டீக்கடை இருக்கிறது, மைதானம் இருக்கிறது, சாயந்திரம் போய் உட்கார வேறு இடங்களும் இருக்கின்றன. அழ வேண்டும் என்றால் குடித்துவிட்டு நடுத்தெருவில் நின்றே அழுவார்கள், நாலு பேர் தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். ஏழெட்டுப் பேர் படுக்கிற ஒற்றை அறையில் ஒரு பெண் எங்கே போய் அழுவாள்? பாட்டு ஓடுகிற நேரம்தான் அவளுக்கு என்று இருக்கிற இடம். இதைச் சொன்னால் அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை புதுக் குரல் ஒன்று வந்தது. கோமதி பேசுதேன் என்றது. எங்கிருந்து பேசுறீங்க என்றேன்.

"கோபர்கைரனேயில இருந்து."

நீங்களெல்லாம் ரயிலில் நவி மும்பைப் பக்கம் போயிருப்பீர்கள். வாஷி பாலம் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது கோபர்கைரனே. நம் வயரோ பக்கத்தில் இருக்கிற மாஹிம் ரயில் பாதையைக்கூடத் தாண்டியதில்லை. அதோடு கோமதியின் குரலுக்குப் பின்னால் ஒரு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் பின்னால் யார் வீட்டு டிவியிலோ இருந்து என் குரலே எனக்குக் கேட்டது. நம் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில்தான் அவள் இருந்தாள்.

நான் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். என்ன பாட்டு வேணும்?

"மழப் பாட்டு ஏதாச்சும் போடுங்கக்கா. எங்க வீட்டு பால்கனியில நின்னா மழ நல்லாத் தெரியும்."

அன்றிலிருந்து புதன் தவறாமல் கோமதி வந்தாள். பாட்டு கேட்பதற்கு முன்னால் அவள் வீட்டைப் பற்றி ஒன்றோ இரண்டோ சொல்வாள். பங்களாவும் காரும் இல்லை, சாதாரண வீடுதான். பால்கனியில் துணி காயப் போட்டாள், காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஜன்னலுக்கு மஞ்சள் நிறத்தில் திரைச்சீலை வாங்கினாள். தொட்டியில் செம்பருத்தி வைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாடியே, சாப்பிட்டியா என்று கேட்பார். இவ்வளவுதான் அவளுடைய ஆசை. வாசலில் நின்று ஒரு மனுஷன் சாப்பிட்டியா என்று கேட்பதைக்கூட ஒருத்தி பாலம் தாண்டிப் போய் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு அவள் சொல்வதைக் கேட்கக் கேட்க வருத்தம் போய், புதன்கிழமை எப்போது வரும் என்றாகிவிட்டது.

எனக்கு மட்டும் இல்லை. மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கோமதி வீட்டுத் திரைச்சீலைக்கு மஞ்சள் சரியாக வருமா, அழுக்குத் தெரியுமே என்று விவாதம் செய்ததை நானே நின்று கேட்டேன். ஒரு புதன் கோமதி, அவுகளுக்குக் காய்ச்சல் என்றாள். மறுநாள் பாட்டு கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கோமதி வீட்டுக்காரருக்கு வைத்தியம் சொன்னார்கள். சுக்கு தட்டிப் போடச் சொல்லுங்க, கஞ்சி குடுக்கச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அடுத்த புதன், "சுக்குத் தண்ணிக்குக் காய்ச்சல் கேட்டுட்டு, எல்லாருக்கும் ரொம்பச் சந்தோசம்" என்றாள் கோமதி. அவர்களுக்கு அது பொய் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். நம் வயர் எது வரைக்கும் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? அவர்கள் கூரைமேல் ஏறித்தானே வயர் இழுத்தோம்.

தெரியாத ஒரே ஆள் காதர் பாய்தான். வயரை இழுத்தவரே அவர்தான் என்பதுதான் வேடிக்கை. காதர் பாய் நம் லைன்மேன், கடையநல்லூர்க்காரர். மத்தியானம் முழுக்கத் தகரக் கூரைகளின் மேல் இருப்பார், நம் நிகழ்ச்சியை அவர் பார்த்ததே இல்லை. எந்தக் கம்பத்திலிருந்து எந்த ஜன்னலுக்கு எந்த வயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். யாராவது திருட்டுத்தனமாக நம் வயரில் கொக்கி போட்டால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டி, சுத்தமாகக் குரல் இல்லாமல் போயிற்று. அன்று புதன்கிழமை. ஆபீஸில் வேறு யாரும் இல்லை. வயர்ச் சுருள் எடுக்க உள்ளே வந்த காதர் பாயைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு தாளில் பேர், ஏரியா, பாட்டு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். பாட்டுப் போடுவதற்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மனுஷன் நன்றாகத்தான் பேசினார். எல்லோரிடமும், படம் தெளிவாத் தெரியுதா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டார். அதுவே நாலாவது கேள்வி. அப்போதே நான் அவரை எழுப்பிவிட்டிருக்க வேண்டும்.

கோமதி வந்தாள்.

"கோபர்கைரனேயா?" காதர் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம வயரு அங்க போவவே இல்லியேம்மா. ஒங்களுக்கு எப்படித் தெரியுது?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"பயப்படாதீங்க, ஒங்க மேல தப்பு இல்ல. எவனோ நம்ம சிக்னலத் திருடி அங்க ஓட்டுதான். ஒங்களுக்குக் கனெக்சன் குடுத்தவன் பேரு என்ன? பில்டிங் பேரச் சொல்லுங்க, நான் நேர்ல வாரேன்."

நான் கையை ஆட்டினேன். அவர் நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கேட்டார். மேஜைக்கு அடியில் காலை மிதித்தேன். "எதுக்குக்கா மிதிக்கீங்க?" என்றார், அதுவும் நேரலையில் போயிற்று. கையில் கிடைத்த பாட்டைத் தட்டினேன். அது ஏதோ வளைகாப்புப் பாட்டு. அது தொடங்குவதற்கு முன்னால் கோமதி, "எனக்குத் தெரியல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அது தாராவி முழுக்கக் கேட்டது.

காதர் பாய்க்குப் புரியவில்லை. நான் இல்லாத குரலில் காற்றாக ஊதிச் சொன்னேன், அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா என்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா. நான் போயி மாப்பு கேட்டுட்டு வந்துடுதேங்க்கா. பின்னால பள்ளிவாசல் பாங்கு கேட்டுச்சு, தையல் மிஷினு கேட்டுச்சு. எந்தச் சந்துன்னு எனக்குத் தெரியும். இல்லன்னா நம்பருதான் போன்ல இருக்கே, கூப்ட்டுருவோம்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்பது நல்ல காரியம், நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் ஒரு போன் ஒரு ஆளுக்குச் சொந்தம் இல்லை. மத்தியானம் மட்டும் அவள் கையில் இருக்கிற போன் மற்ற நேரம் யார் சட்டைப் பையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நாம் கூப்பிட, அவள் வீட்டுக்காரர் எடுத்து, கோமதி இருக்காங்களா என்று நாம் கேட்டால் அந்த வீட்டில் அன்று என்ன நடக்கும்? நேரில் போவது அதைவிட மோசம். நான் காதர் பாயிடம் கேட்டேன்:

"கதவத் தட்டினா கோமதியா வந்து திறக்கப் போறா?"

கதவைத் திறக்கப் போவது வேறு பேர் உள்ள ஒரு பெண். மாமியார் பக்கத்தில் நிற்க, பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்க, ஆமா, நான்தான் பொய் சொன்னேன் என்று அவள் ஒத்துக்கொண்டால்தான் நம் மன்னிப்பை வாங்கிக்கொள்ள முடியும். நம் மனசு லேசாவதற்காக அவளை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது காதர் பாய்க்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான்.

அடுத்த புதன் கரகரத்த குரலோடு நானே உட்கார்ந்தேன், கோமதி வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், பாட்டு கேட்டார்கள், யாரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. குழாயடியில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்திருப்பார்களோ என்று நினைத்தேன். குழாயடியில் சிரித்துவிட்டால் தண்ணீர் பிடிக்க அவளுக்கு வேறு குழாய் கிடையாது. அதைவிடப் பெரிய பயம், அவளுக்கு அந்த வீடு போய்விட்டதே என்பது. பால்கனி, மஞ்சள் திரைச்சீலை, செம்பருத்தி, சாப்பிட்டியா என்று கேட்கிற வீட்டுக்காரர், எல்லாம் ஒரே கேள்வியில் போய்விட்டது. இனி அவள் சாயந்திரம் எங்கே போய் நிற்பாள்?

அதற்கடுத்த புதன் எனக்குக் குரல் பாதி வந்திருந்தது. நிகழ்ச்சியைத் தொடங்கும்போது என்ன சொல்வது என்று இரண்டு விதமாக யோசித்து வைத்திருந்தேன். கோமதி மன்னிச்சுக்கோங்க என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மறந்தவர்களுக்கும் நினைவுபடுத்தின மாதிரி ஆகும். நம்ம சேனல் கோபர்கைரனேயிலும் தெரியுது என்று நானே ஒரு பொய்யைச் சொல்லலாம். அதை அவள் இரக்கம் என்று புரிந்துகொள்வாள், இரக்கத்தில் அந்த வீடு நிற்காது. கேமராவைப் பார்த்து வணக்கம் மட்டும் சொன்னேன், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் போன் பேச்சியம்மாக்காவுடையது. காலையில் இட்லிப் பாத்திரம் தூக்கி வியாபாரம் செய்கிறவர். எங்களிடம் பேரையும் ஏரியாவையும் மாற்றிச் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். எனக்கென்ன பயம் என்பார். அதனால் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வழக்கத்துக்காக, "எங்கிருந்து பேசுறீங்கக்கா?" என்றேன்.

"கோபர்கைரனேயில இருந்து."

மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டுப் பாட்டைப் போட்டிருக்கலாம், விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பேச்சியம்மாக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அன்று நான் நாலாவது கேள்வியைக் கேட்டேன்.

"எப்பக்கா வீடு மாறினீங்க?"

"நேத்துதான் பால் காய்ச்சுனோம். கோமதி வீட்டுக்கு எதுத்த வீடுல்லா. அவ ஊருக்குப் போயிருக்கா. வீட்டுச் சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போயிருக்கா. செம்பருத்திக்குத் தண்ணி ஊத்துறது நாந்தான். அவ வாரதுக்குள்ள அவளுக்கு ஒரு மழப் பாட்டு போடுங்க."

போட்டேன். கண் மறைத்ததால் தப்பான பாட்டைத் தட்டிவிட்டு மறுபடி தட்டினேன். அதற்குள் அடுத்த போன் அடித்தது. ஜெய்னப் என்று ஒரு அம்மா. அவரும் கோபர்கைரனே.

"மூணாவது மாடிங்க. லிப்டு இருக்கு. தண்ணி கொழாயத் தொறந்தா வருது, எப்பத் தொறந்தாலும் வருது. நான் சும்மாவே தொறந்து தொறந்து மூடுதேன்."

பிறகு ஓர் இளம் குரல். "எங்க வீட்டுல பாத்ரூமு உள்ளயே இருக்குக்கா. எவ்வளவு நேரம் குளிச்சாலும் வெளிய நின்னு யாரும் கதவத் தட்ட மாட்டாங்க." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்னொருத்தி, வீடு ரொம்பப் பெரிசு, ஆனா மாமியாருக்கு அந்த ஏரியா பிடிக்கலையாம், வரலைன்னுட்டாவ என்றாள். அதற்குச் சந்துக்குள் எழுந்த சிரிப்பு நம் ஆபீஸ் ஜன்னல் வழியாகவே எனக்குக் கேட்டது. ஒவ்வொருத்தியாகக் குடி போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே மத்தியானத்தில் பாதித் தாராவி பாலம் தாண்டிவிட்டது.

ஒருத்தி மட்டும் பேரைச் சொல்லவில்லை.

"எனக்குன்னு ஒரு ரூமு இருக்கு. கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"என்ன பாட்டும்மா வேணும்?"

"பாட்டு வேண்டாம்க்கா. சொல்லணும்னு தோணிச்சு, அதான் சொன்னேன்."

தாலாட்டுக் கேட்ட குரலோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது காதர் பாய் வழக்கம்போல ஏதோ கூரைமேல் இருந்திருக்கிறார். கீழே எல்லா வீட்டு டிவியிலும் கோபர்கைரனே, கோபர்கைரனே என்று கேட்டிருக்கிறது. மழையில் நனைந்து, தோளில் வயரோடு மூச்சு வாங்க ஓடி வந்து கதவில் நின்றார். நான் மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். அவர் உட்காரவில்லை. குனிந்து, கேபிள் கட்டாகிவிட்டால் அறிவிப்புச் செய்கிற குரலில் பேசினார்.

"கோபர்கைரனே ஏரியா ஆளுகளுக்கு ஒரு அறிவிப்பு. நான் லைன்மேன் காதர் பேசுதேன். அன்னைக்கு நான் வெவரம் தெரியாமப் பேசிட்டேன். நம்ம வயரு அங்க எல்லா பில்டிங்குக்கும் போவுது. நாந்தான் இழுத்தேன், மறந்துட்டேன். லைன்ல ஏதாச்சும் கம்ப்ளெயிண்ட் இருந்தா சொல்லுங்க, நான் வந்து பாக்கேன்."

தன் வயர் எங்கே போகிறது என்பதில் ஒரு அடி கூட்டியோ குறைத்தோ பேசாத மனுஷன் அவர். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு மன்னிப்பை நான் எங்கேயும் கேட்டதில்லை.

நிகழ்ச்சி முடிகிற நேரம். கடைசிப் பாட்டைத் தட்டக் கையை வைத்தபோது போன் அடித்தது. எடுத்தேன். தையல் மிஷின் சத்தம் இல்லை. என் குரல் மட்டும் தூரத்தில் யார் வீட்டிலிருந்தோ திரும்பி வந்தது.

"கோமதி பேசுதேன்."

காதர் பாய் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"ஊர்ல இருந்து வந்துட்டீங்களா கோமதி?"

"இப்பத்தான் வந்தேன். லைன்மேன் அண்ணங்கிட்ட சொல்லிடுங்கக்கா, லைனு தெளிவா இருக்கு. பேச்சியம்மாக்கா செடிக்குத் தண்ணிய ரொம்ப ஊத்திட்டாவ. பரவால்ல. எதுத்த வீட்டுக்கு ஆளு வந்தது நல்லதாப் போச்சு. இத்தன நாளு அங்க நான் மட்டும் தனியா இருந்தேன்."

என்ன பாட்டு வேணும் என்று நான் கேட்கவே இல்லை, அவளும் சொல்லவில்லை. மழைப் பாட்டைப் போட்டேன்.

நீங்கள் இப்போது போனிலேயே நேரலை செய்கிறீர்கள். பேசுகிற பெண்ணுக்குக் கீழே பார்க்கிறவர்கள் எழுதுவதும் ஓடுகிறது. இது பொய், இந்த அக்கா இங்கதான் இருக்கு என்று ஒருவன் எழுதத்தான் செய்வான். அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும். அந்த உண்மையைப் படித்துக் காட்டுவதா, விரலால் மேலே தள்ளிவிட்டு என்ன பாட்டு வேணும் என்று கேட்பதா என்பதை நீங்கள் கண் இமைக்கிற நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லித் தர முடியாது. அந்தப் பெண் பால்கனியில் நிற்கிறாள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நான் வேலையை விட்ட அன்று நம் ஆபீஸ் வாசலில் பெண்கள் வந்து நின்றதை உங்களில் இந்தச் சந்துக்காரர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். பேச்சியம்மாக்கா இட்லி கொண்டுவந்திருந்தார். செம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு எங்கே போகிறேன் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அவன் வீடு வாங்கியிருப்பது உண்மையிலேயே கோபர்கைரனேயில். சொன்னதும் எல்லோரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேச்சியம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோமதியக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். சொல்றேன் என்றேன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "பால்கனி இருக்காக்கா?" என்று கேட்டது. இருக்கு என்றேன்.

"அப்ப மழ நல்லாத் தெரியும்."

போனில் இத்தனை வருஷம் கேட்ட குரல். எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் பக்கம் திரும்பினால் முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் பேச்சியம்மாக்காவின் இட்லித் தூக்கைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்து வீடுதானே, வந்து பாருங்க" என்றேன்.